நிற்க வைத்த மணற்கல்

என் அக்காவின் கணவர் கல்லறைக் கற்கள் செய்து விற்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். உளி பிடிக்கும் வேலை இல்லை. வருகிறவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்தக் கல் வேண்டும் என்று அவர்கள் முடிவெடுக்க உதவ வேண்டும். போன வாரம் வரை தாயோ கணவனோ உயிரோடு இருந்த ஒருவரிடம் போய், கறுப்பா சாம்பல் நிறமா, மெருகு போடவா சொரசொரப்பாகவே விடவா என்று கேட்க வேண்டும். இந்த வேலைக்கு அவரைப் போல் இன்னொருவர் கிடைக்க மாட்டார் என்று முதலாளி சொல்வார். அவர் போன பிறகு அந்த நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

நான் அவரை அத்தான் என்பேன். அவர் என்னைக் ‘காலேஜ்’ என்பார். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் வைத்த பெயர். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் வாசலில் நின்று “என்ன காலேஜ், சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்பார். என் கல்யாணத்துக்கு உள்ளங்கை அளவு கிரானைட் துண்டு ஒன்றை மெருகேற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “மாப்பிள்ளை ரொம்பப் பேசினா இதைக் கையில எடுத்து சும்மா உருட்டிக்கிட்டு இரு. எறியாத. உருட்டினாலே போதும்.”

பட்டறை நகரத்தின் விளிம்பில், லாரிகள் திரும்பும் சாலையில் இருந்தது. முன்னால் கண்ணாடி போட்ட சின்ன அறை, பின்னால் தகரக் கொட்டகை, நடுவே திறந்தவெளியில் மூன்று வரிசையாகக் கற்கள். முன்பெல்லாம் அவை நிறத்தின்படி நின்றனவாம். அத்தான் வந்ததும் முதலாளியிடம் கேட்டு, அவற்றைப் பிறப்பின்படி மாற்றி நிறுத்தினார். “கறுப்பு வெள்ளை பார்க்கிறதுக்குத் துணிக்கடை இருக்குங்க. கல்லோட குணம் தெரியணும்னா அது எங்க பிறந்துச்சுன்னு தெரியணும்” என்றாராம்.

வருகிறவர்களை முதல் வரிசையிலிருந்து மெதுவாக நடத்திக் கூட்டிப் போவார். அந்த நடையில்தான் அழுகிறவர்களின் அழுகை கொஞ்சம் அடங்கும். ஒருமுறை அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது நானும் பின்னாலேயே நடந்து கேட்டிருக்கிறேன்.

“இது கிரானைட். பூமிக்கு ரொம்ப அடியில கொதிச்சுக்கிட்டு இருந்த குழம்பு. மேல வர வழி கிடைக்கல. உள்ளேயே நின்னு, அவசரமே இல்லாம, லட்சக்கணக்கான வருஷமா ஆறிச்சு. மெதுவா ஆறினதாலதான் இந்தப் படிகமெல்லாம் இவ்வளவு பெருசா வளர்ந்திருக்கு. மின்னுது பாருங்க. இதே குழம்பு எரிமலை வழியா வெளிய கொட்டிச் சட்டுன்னு ஆறியிருந்தா, வளர நேரமே இருந்திருக்காது. ஒரே மாவா இருக்கும்.”

இரண்டாவது வரிசையில் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். “மேல மலையா வந்த கிரானைட்டை வெயிலும் மழையும் சும்மா விடாது. உடைச்சு, பொடிச்சு, ஆத்துல தள்ளிவிடும். ஆறு அதைக் கொண்டுபோய் எங்கயாவது கடலடியில, ஏரியடியில சேர்க்கும். ஒரு படிவு, அது மேல இன்னொரு படிவு. பாரம் ஏற ஏற அடியில இருக்கிறது இறுகி மறுபடி கல்லாயிடும். சுண்ணாம்புக்கல்லு இருக்கே, அது பாதிக்கு மேல சிப்பியும் சங்கும்தான்.”

மூன்றாவது வரிசை பளிங்கும் பலகைக்கல்லும். “இது இரண்டாவது வாழ்க்கை வாழ்ற கல்லு. சுண்ணாம்புக்கல்லு ஆழமாப் புதைஞ்சு, மேல மலையே உட்கார்ந்து அமுக்க, கீழேயிருந்து சூடு ஏற, உருகாமலே உள்ளுக்குள்ள மாறிப்போயிடும். அதான் பளிங்கு. சேறு அப்படி மாறினா பலகைக்கல்லு, நாம எழுதின சிலேட்டு. இன்னும் ஆழமாப் போனா உருகிடும். உருகினது மறுபடி முதல் வரிசைக்கு வந்துடும்.”

அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். மழைநீரில் இருக்கும் புளிப்பு பளிங்கைக் கரைக்கும். நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் எழுத்தெல்லாம் சப்பிய மிட்டாய் போல மழுங்கிவிடும். கிரானைட் அசையாது. மணற்கல்லை விரும்பிக் கேட்பவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்துவார். “நல்ல கல்லுதான். ஆனா படுத்த வாக்குல உருவான கல்லு. எப்படிப் படுத்து உருவாச்சோ அப்படியே வச்சா நிலைக்கும். அடுக்கு வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி நிக்க வச்சீங்கன்னா, நடுவுல தண்ணி இறங்கி, முகம் தோலா உரிஞ்சு வந்துடும். பேரு முகத்துலதானே இருக்கு. பேரோட போயிடும்.” கேட்டவர்கள் பெரும்பாலும் முதல் வரிசைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அவர்கள் வீடு ஒரு மாடியில் இரண்டே அறை. ஜன்னல் விளிம்பு முழுக்கக் கல். பெருக்கும்போதெல்லாம் அக்கா முணுமுணுப்பாள்: “ஊர்ல எல்லாரும் வேலையிலிருந்து களைப்பைக் கொண்டு வருவாங்க. இவரு மலையைக் கொண்டு வர்றார்.” அந்த ஜன்னலடியில்தான் பாப்பா பாடம் படிப்பாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை. அப்பாவின் மூன்று வரிசையையும் அவள் வீட்டு மனிதர்களுக்குப் பொருத்திவிட்டாள். அக்காவுக்குக் கோபம் வரும் என்பதால் அவள் நெருப்பில் பிறந்தவள். அப்பா மணற்கல், “கொஞ்சம் அழுதா போதும், உதிர்ந்திடுவார்.”

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

“சித்தி மூணாவது வரிசை. கல்யாணத்துக்கு அப்புறம் மாறிட்டீங்கல்ல.”

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். “அமுக்கினது யாரு, சித்தப்பாவா?”

“நீ என்ன கல்லுடி?” என்றாள் அக்கா.

“நான் இன்னும் கல்லே ஆகல. சும்மா மணல்தான்.”

இன்னொரு நாள் அவள் அப்பாவிடம், மாறிப்போன கல்லுக்கு முன்பு என்னவாக இருந்தோம் என்ற ஞாபகம் இருக்குமா என்று கேட்டாள். அத்தான் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. பலகைக்கல் துண்டு ஒன்றை எடுத்து, அதில் சாய்வாக ஓடும் மங்கிய கோட்டைக் காட்டினார். “சேறா இருந்தப்ப இருந்த கோடு இது. மாறினதுல கொஞ்சம் மிச்சம் இருக்கும். முழுசா உருகிட்டாத்தான் எதுவும் இருக்காது.” அவள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பாவம்” என்றாள். எதைச் சொன்னாள் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குக் கடல் பார்க்க ஆசை. எங்கள் ஊரிலிருந்து கடல் ஒரு முழுநாள் ரயில் பயணம். பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று அத்தான் சொல்லியிருந்தார். பரீட்சைக்கு முன்பே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் இருக்கும் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அவள் கட்டிலை விட்டு எழுந்து நின்ற நாட்கள் குறைவு. ஜன்னல் பக்கம் தலை வைத்து, பிறகு அப்படித் திரும்பவும் முடியாமல், கூரையைப் பார்த்தபடி மாதக்கணக்கில் கிடந்தாள். அக்கா அவளைப் புரட்டுவாள், துடைப்பாள், முதுகில் புண் வராமல் இருக்கத் துணியைச் சுருட்டி வைப்பாள். அடுத்த பரீட்சைக் காலத்தில் பாப்பா இல்லை.

அடக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர், முன்பு தன் மனைவிக்கு அத்தானிடம் கல் வாங்கியவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீங்கதானே எனக்குச் சொன்னீங்க, எதுவும் அழியறதில்லை, உரு மாறிக்கிட்டே இருக்குன்னு. மனசைத் தேத்திக்குங்க.” நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. அத்தான் அவருக்குக் கைகூப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பட்டறையில் அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையசைப்பாள். அவ்வளவுதான். அவளைத் தனியாக விட்டுப் போகப் பயந்து அத்தான் பட்டறைக்கு உடன் கூட்டிப் போய்க் கண்ணாடி அறையில் உட்கார வைப்பார். ஒருநாள் அவள் எழுந்து பின்கொட்டகைக்குப் போய்விட்டாள். அத்தான் தேடிக்கொண்டு போனபோது, தோட்டப் பாதைக்குப் போட வந்திருந்த மணற்கல் பலகைகளின் முன் நின்று, ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அதன் முகம் முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும்.

“இது என்ன?” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த குரல்.

அத்தான் அருகில் போய் நின்றார். “மணற்கல்.”

“இந்த வரி?”

“அலை. ஆழமில்லாத தண்ணியில அலை வந்துவந்து போனா மணல்ல வரி விழும்ல, அதான். மேல சேறு மூடி அப்படியே இறுகிப்போச்சு.”

“அப்ப இது கடலா?”

“ஆமா. ஒரு காலத்துல கடலோரம்.”

“பாப்பாவுக்கு இதை வைங்க.”

வைக்கலாம் என்றார். படுத்த வாக்கில் வைக்கலாம், வானத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“படுக்க வைக்காதீங்க” என்றாள் அக்கா. “அவ படுத்துக் கிடந்ததெல்லாம் போதும். நிக்கட்டும்.”

அவர் சரி என்றுவிட்டார்.

பட்டறையில் எழுத்து செதுக்கும் முதியவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் எழுத்துக்காரர். அத்தானைத் தம்பி என்பார், கோபம் வந்தால் யோவ் என்பார்; அக்கா அவருக்குத் தங்கச்சி. அன்று நடந்த சண்டையைப் பின்னால் அவரேதான் எனக்குச் சொன்னார்.

“யோவ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நிக்க வச்சா உரியும்னு தினமும் ஊரைக் கூட்டிச் சொல்றவன் நீ.”

“தெரியும் அண்ணே.”

“அலை வேற முகத்துல இருக்கு. அடுக்கு அப்படியே வெளியில பார்க்குது. இதைவிட மோசமா ஒரு கல்லை நிறுத்தவே முடியாது. தங்கச்சிகிட்ட நான் சொல்றேன், விடு.”

“சொல்லாதீங்க.”

“ஏன்?”

“அவ பேசிட்டா அண்ணே. இப்ப நான் போயி அந்தக் கல்லு ஆகாதுன்னு சொன்னா மறுபடி வாயை மூடிக்குவா. நீங்க ஆழமா வெட்டுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.”

“எதைப் பார்த்துப்ப? மழையையா?”

எழுத்துக்காரர் வெட்டிக்கொடுத்தார். பாப்பாவின் பெயர் சின்னப் பெயர். அலை வரிகளின் குறுக்கே, மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி ஓடுகிற எழுத்து. தன் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் வெட்டியதில்லை என்றார். கல்லை நிறுத்திய அன்று அக்கா அதன் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது பாப்பாவின் தோள் உயரம் இருந்தது. “இப்படித்தான் நிப்பா” என்றாள். அதற்குப் பிறகு அவள் சமைத்தாள், பெருக்கினாள், எங்களோடு பேசினாள். எப்போதாவது சிரித்தாள்கூட.

அன்று தொடங்கி அத்தானுக்கு வாழ்க்கையில் ஒரே காரியம்தான் இருந்தது. அக்கா இருக்கும் வரை அந்தக் கல்லின் முகம் நிற்க வேண்டும். அவள் கண் முன்னால் அந்தப் பெயர் விழக்கூடாது.

ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். கல்லைச் சுற்றி அக்கா செடி வைத்திருந்தாள். தண்ணீர்க் குழாய் வாசல் பக்கம், கொஞ்சம் தூரத்தில். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனதும், அத்தான் குனிந்து விரல் முட்டியால் கல்லைத் தட்டிப் பார்ப்பார். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். சத்தம் கெட்டியாக வந்தால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. காலிப் பானை போலப் பொள்ளலாக வந்தால் அந்த இடத்தில் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. சந்தேகம் வந்தால் காதை ஒட்டி வைத்துத் தட்டுவார்.

முதல் சில வருடங்கள் கெட்டியாகவே கேட்டது. பிறகு ஒரு மழைக்காலம் முடிந்ததும் மேல் மூலையில் சத்தம் மாறியது. அன்று பட்டறைக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் என்றார் எழுத்துக்காரர். அடுத்த நாள் மருந்துக்கடையில் ஊசிக்குழல் வாங்கி வந்தார். சுண்ணாம்பையும் சலித்த கல்பொடியையும் பால் பதத்துக்குக் கரைத்து, வேலை முடிந்து வரும் வழியில் யாருக்கும் தெரியாமல் தோட்டத்துக்குப் போய், அடுக்குக்குள் ஏற்றினார். ஓரத்தை அடைத்தார். மேல் விளிம்பில் மெல்லிய ஈயத்தகடு ஒன்றை மடித்துப் போட்டார். அழகுக்கு என்று அக்காவிடம் சொன்னார். மழைக்காலத்தில் கல்லுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டத் தொடங்கியபோது அக்காவே கேலி செய்தாள்.

“ஏங்க, கல்லுக்குச் சளி பிடிச்சுக்குமா?”

“பிடிச்சா யாரு மூக்கு துடைக்கிறது? அதான்.”

நான் அங்கே இருந்தேன். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு அவர் எவ்வளவு விலை கொடுத்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலாளி ஒருமுறை அவரிடம், நல்ல கிரானைட்டில் அதே பெயரை வெட்டி மாற்றிவிடலாம், என் செலவு என்றாராம். மாற்றினால் அக்கா ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் நிறுத்திய அன்றே தனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிடும் என்று அத்தான் மறுத்துவிட்டார். வருடங்கள் போகப் போகப் பொள்ளலான இடம் மூலையிலிருந்து நடுவுக்கு இறங்கியது. அவரும் ஊசியோடு அதன் பின்னாலேயே இறங்கினார். ஒரு பக்கம் ஏற்றி முடித்தால் இன்னொரு பக்கம் விட்டிருக்கும். “இது என் கைக்கு அடங்குற வேலை இல்லை அண்ணே. ஆனா நான் கையை எடுத்தா உடனே விழுந்துடும்” என்று எழுத்துக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்பு அத்தான் பட்டறையில் இறந்தார். ஒரு வயதான தம்பதியைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். இரண்டாவது வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர், “ஒரு நிமிஷம்ங்க” என்று சொல்லிவிட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மாள்தான் தலையைத் தாங்கிப் பிடித்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவரைப் பாப்பாவின் பக்கத்தில் வைத்தோம்.

எழுத்துக்காரருக்கு அந்தச் சமயம் கண் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வெளியே போகக்கூடாது என்று கட்டுப்போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மழை வந்தது. உறை போடுவது அவருடைய விளையாட்டு என்றே நானும் அக்காவும் நினைத்திருந்தோம்; அந்த முறை யாரும் போடவில்லை. கட்டு அவிழ்த்ததும் அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். நான் மேலே எழுதியதில் பாதிக்கு மேல் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“எனக்கு ஏதாச்சும் ஆனா அந்தக் கல்லைப் பார்த்துக்குங்க அண்ணேன்னு கேட்டுக்கிட்டான்மா. இந்த மழை முழுக்க அது அம்மணமா நின்னுருக்கு. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். நீ அக்காவைக் குழாய்க்கிட்ட கொஞ்ச நேரம் பிடிச்சு வை. நான் ஊசி போட்டுட்டு வந்துடறேன்.”

அப்படித்தான் முடிவு செய்தோம். ஞாயிறு மூவரும் போனோம். எழுத்துக்காரர் அத்தானுக்கு மரியாதை செய்ய வருகிறார் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். வாசலில் வாளியை எடுத்து, “அக்கா, வா, தண்ணி பிடிப்போம்” என்றேன்.

“நீ பிடிச்சுட்டு வா. எனக்கு அங்க ஒரு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

நான் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன். எழுத்துக்காரருக்குக் கால் வேகம் போதவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அக்கா கல்லின் முன் குனிந்து, விரலை மடக்கி முட்டியால் தட்டினாள். மெதுவாகத்தான். உள்ளே ஆள் இருக்கும் கதவைத் தட்டுகிற மாதிரி. ஒரு தரம். இன்னொரு தரம்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கல்லின் முகம் நடுவிலிருந்து மேல் வரை ஒரே பலகையாக முன்னால் சாய்ந்தது. அக்கா இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தாள். அது அவள் கைக்குள்ளேயே உடைந்து, செடிகள் மேல் விழுந்தது. எழுத்துகள் துண்டுதுண்டாகக் கிடந்தன. ஒரு துண்டில் பெயரின் முதல் எழுத்து மட்டும் முழுசாக இருந்தது.

கல்லில் இப்போது தெரிந்தது அடுத்த அடுக்கு. அதில் அலை வரி இல்லை. வழவழப்பான வெறும் மணல் நிறம்.

அக்கா மண்டியிட்டாள். “நான் தட்டிட்டேன்” என்றாள். “நான்தான் தட்டிட்டேன்.”

“இல்லை தங்கச்சி. உன்னால இல்லை” என்றார் எழுத்துக்காரர் மூச்சு வாங்க வந்து. “அது எப்பவோ விட்டுப்போச்சு.”

“அவர் எத்தனை வருஷமா தட்டினாரு? விழலையே?”

எழுத்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “உனக்கு எப்படித் தெரியும், அவன் தட்டினது?” என்று கேட்டார்.

“குழாய்க்கிட்டயிருந்து பார்த்தா தெரியாதா? நான் அந்தப் பக்கம் போனதும் தட்டுவாரு. அப்புறம் காதை வச்சுக்குவாரு. பாப்பாகிட்ட பேசுறாருன்னு நானும் அங்கயே நிப்பேன். வாளி நிறைஞ்சா கொட்டிட்டு மறுபடி பிடிப்பேன். என் முன்னாடி பேச வெக்கப்படுறாரு, பேசிட்டு வரட்டும்னு. அவர் போனதுலேருந்து நான் தட்டுறேன். அப்பா இல்லாம அவளுக்கு யாரு தட்டுவா?”

எழுத்துக்காரர் கீழே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் மறைக்க எதுவும் இல்லை. கல்லை நிறுத்திய நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஊசி, சுண்ணாம்பு, ஈயத்தகடு, மழை உறை. எதற்குத் தட்டிப் பார்த்தார், எதற்குக் காது வைத்தார் என்பதையும். அக்கா கேட்டுக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கி மடியில் அடுக்கினாள். அவர் சொல்லி முடித்த பிறகும் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள்: “அப்ப அவர் அவகிட்ட பேசவே இல்லையா?”

பேசியிருப்பார் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அத்தனை ஞாயிறும் ஒரு பக்கம் அவர் கல்லின் மேல் காது வைத்து, விழுந்துவிடுமோ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொரு பக்கம் இவள் நிறைந்த வாளியைக் கொட்டிக் கொட்டிப் பிடித்து, அவர்கள் பேசி முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். இருவருக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுத்துக்காரர் எழுந்து புது முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். தட்டவில்லை.

“இந்த அடுக்குலயும் பேரு வெட்டலாம் தங்கச்சி. இதுவும் ஒருநாள் உரியும், பொய் சொல்லமாட்டேன். இல்லைன்னா கிரானைட்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல்லா வச்சுடலாம். அவனுக்கும் இன்னும் கல்லு வைக்கல. முதலாளி எதுன்னாலும் எடுத்துக்கச் சொல்லிட்டாரு. எந்தக் கல்லு வேணும், நீ சொல்லு.”

அக்கா மடியில் இருந்த துண்டுகளைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தாள். பாப்பாவின் கல்லைப் பார்த்தாள். பக்கத்தில் இன்னும் இறுகாத மண்ணைப் பார்த்தாள்.

“கல்லைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?” என்றாள். “அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.”

அவள் செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.